கட்டுகிறவரை எப்போது கூப்பிடுவது?

தில்லியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்கு, பாதி கட்டி நிற்கும் மேம்பாலம் ஒரு புதிய காட்சி அல்ல. வேலை நடக்கும் இடத்தில் பலகை ஒன்று இருக்கும். வேலை முடியும் தேதி அதில் எழுதியிருக்கும். சில மாதங்கள் போனதும் அந்தத் தேதியின்மேல் காகிதம் ஒட்டி வேறொரு தேதி எழுதுவார்கள். "பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு நாமும் பஸ் ஏறிப் போய்விடுவோம்.

சாப்பிடுகிறவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. நிலம் கிடைக்காமல் நின்ற வேலைகள் உண்டு, கோர்ட்டில் நின்ற வேலைகள் உண்டு, மரம் வெட்ட அனுமதி வராமல் நின்றவையும் உண்டு. ஆனால் ரயில்வேயில் சிவில் பகுதியில் டிப்ளமா என்ஜினீயராகச் சேர்ந்து, பாலங்களிலும் யார்டுகளிலும் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில், பத்திரிகைகளில் அதிகம் வராத இன்னொரு காரணத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். வரைபடம் போடுகிறவரும் கட்டுகிறவரும் டெண்டர் முடியும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பதே அது. நம் பிள்ளைகளில் பலர் இன்று சிவில் என்ஜினீயரிங் படிக்கிறார்கள். அவர்கள் பாடப் புத்தகத்தில் இது ஒரு பக்கத்துக்குமேல் இருக்காது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நம் அரசாங்க வேலைகள் நடக்கும் வழக்கமான வரிசையைப் பார்ப்போம். பாலம் வேண்டும் என்று முடிவாகிறது. ஒரு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி ஆய்வறிக்கை வாங்குகிறார்கள். மண் பரிசோதனை நடக்கிறது. வடிவமைப்பாளர் கணக்குப் போட்டு வரைபடம் தயாரிக்கிறார். அது மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொரு கையெழுத்தாக வாங்கிக்கொண்டு வருகிறது. பிறகு எஸ்டிமேட், அதற்குப் பண அனுமதி, அதன்பின் டெண்டர். யார் குறைந்த விலை போட்டாரோ அவருக்கு வேலை. இதற்குள் மூன்று நான்கு வருஷங்கள்கூட ஓடியிருக்கும். இத்தனையும் முடிந்த பிறகுதான் அந்தப் பாலத்தைத் தன் ஆட்களை வைத்துக் கட்டப்போகிற மனிதர் முதல்முறையாக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இதை எப்படிக் கட்டுவது?" என்று யோசிக்கிறார். டெண்டருக்கு முன்பும் பார்த்திருப்பார். ஆனால் அப்போது அவர் பார்த்தது விலை போடுவதற்காக. அதற்கு மூன்று நான்கு வாரம்தான் அவகாசம். ஏதாவது கோளாறு கண்ணில் பட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் போட்டிக்காரருக்கும் தெரிந்துவிடும். தவிர, பின்னால் அதை வைத்துக் கூடுதல் பணம் கேட்கலாம் என்ற கணக்கும் இருக்கும்.

ஊரில் வீடு கட்டிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. தில்லியில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்த ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் பிளான் போட்டு வாங்கி ஊருக்கு அனுப்புகிறோம். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறார்: "சார், பின்பக்கம் சந்து மூணடிதான். நீங்க செப்டிக் டேங்கைப் பின்னால போட்டிருக்கீங்க. லாரி எப்படி வரும்?" பத்து நிமிஷப் பேச்சில் தொட்டி முன்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. பிளானில் ஒரு கோட்டை அழித்து மறுபடி வரைந்தால் போதும். அதே கேள்வியை அஸ்திவாரம் போட்டபின் கேட்டிருந்தால் செலவு எவ்வளவு? பொது வேலைகளில் நாம் செய்வது, மேஸ்திரியை அஸ்திவாரத்துக்குப் பிறகு கூப்பிடுவதைப் போன்றதுதான்.

என் சர்வீஸில் பார்த்த ஒரு வேலையைச் சொல்கிறேன். எந்த டிவிஷன், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே அவசியமில்லை. பரபரப்பான ஒரு யார்டின் குறுக்கே சாலை மேம்பாலம். கீழே இரண்டு மெயின் லைன், இரண்டு லூப் லைன், தலைக்குமேல் 25,000 வோல்ட் மின்கம்பி. தண்டவாளங்களுக்கு மேலே வரும் ஸ்பான் 24 மீட்டர். வரைபடத்தில் அது கான்கிரீட் பீம்கள், அந்த இடத்திலேயே சென்டரிங் அடித்து வார்ப்பது என்று போட்டிருந்தது. கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரும்புக் கம்பி சரி, கான்கிரீட் சரி, பாரம் தாங்கும். எல்லாக் கையெழுத்தும் ஆகிவிட்டது. டெண்டரும் முடிந்து காண்டிராக்டருக்கு உத்தரவும் போயிற்று.

காண்டிராக்டரின் ஃபோர்மன் வயதானவர், அதிகம் படிக்காதவர். யார்டுக்குள் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "சார், சாரத்தோட கால் எங்க நிக்கும்?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் சாரம் கீழே தரையில் ஊன்றித்தான் நிற்க வேண்டும். தரையில் ஓடுவதோ ரயில். சாரத்துக்கு நடுவே ரயில் போக வழிவிட்டுப் பெரிய உத்தரங்கள் போடலாம் என்றால், மின்கம்பிக்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் இடையே அந்த உத்தரங்களுக்கு இடம் இல்லை. கம்பியில் மின்சாரம் இருக்கும்வரை இரண்டு மீட்டர் தூரத்துக்குள் யாரும் வேலை செய்யக்கூடாது என்பது விதி. கான்கிரீட் இறுகும்வரை வாரக்கணக்கில் மெயின் லைனில் மின்சாரத்தை நிறுத்தி வைக்க எந்த ஆபரேட்டிங் அதிகாரியும் சம்மதிக்க மாட்டார்.

சரி, பீமை வேறிடத்தில் வார்த்துத் தூக்கி வைக்கலாம் என்றார்கள். ஒரு பீம் நாற்பது டன்னுக்குமேல். அதைத் தூக்கும் கிரேன் எங்கே நிற்கும்? லைன்களுக்கு நடுவே இடம் இல்லை. கடைசியில் இரும்புக் கர்டர்கள், மேலே கான்கிரீட் தளம் என்று மாற்றினார்கள். அதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, பக்கவாட்டில் பூட்டி, இரண்டு மணி நேர டிராபிக் பிளாக்கில் மேலிருந்தே தள்ளிவிடலாம். நல்ல தீர்வுதான். ஆனால் புதிய வரைபடம், புதிய ஒப்புதல், ஒப்பந்தத்தில் இல்லாத ஐட்டங்களுக்குப் புதிய விலை, அந்த விலை நியாயமா என்று அக்கவுண்ட்ஸ் கேள்வி. ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அதுவரை இரண்டு பக்கமும் அப்ரோச் ரோடு தயாராகி, நடுவில் வெற்றிடமாகவே நின்றது. லெவல் கிராஸிங் கேட்டில் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். மூடிய கேட்டுக்குக் கீழே குனிந்து போகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒன்றரை வருஷத் தாமதம் என்றால் அப்படிக் குனிந்து போவது இன்னும் ஒன்றரை வருஷம் நடந்தது என்று அர்த்தம்.

அந்த ஃபோர்மன் கேட்ட கேள்வியை முதல் வரைபடம் போட்ட வாரத்தில் கேட்டிருந்தால் ஒரு பென்சிலும் ரப்பரும்தான் செலவாகியிருக்கும்.

இதனால் வடிவமைப்பாளர் அறிவில்லாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். முடிந்த பாலம் எப்படி நிற்கும் என்பது அவர் படிப்பு. முடியாத பாலம், அதாவது பாதி கட்டிய நிலையில் இருக்கும் பாலம், எப்படி நிற்கும் என்பது காண்டிராக்டரின் தினசரிக் கவலை. எந்தச் சாலையில் எவ்வளவு நீளமான டிரெய்லர் திரும்பும், எந்தக் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும், மழைக்காலத்தில் ஆற்றுக்குள் எத்தனை மாதம் வேலை செய்ய முடியாது, ஒரே அச்சை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பவையெல்லாம் அவர் கையில் இருக்கும் விவரங்கள். பத்துத் தூண்கள் பத்து அளவில் இருந்தால் கான்கிரீட் கொஞ்சம் மிச்சமாகும் என்று வடிவமைப்பாளர் மகிழ்வார். பத்துக்கும் பத்து அச்சு செய்ய வேண்டுமே என்று காண்டிராக்டர் தலையில் கை வைப்பார். தூணின் தலைப்பகுதியில் கம்பிகளை நெருக்கி நெருக்கி வரைந்திருப்பார்கள். காகிதத்தில் கோடு மெலிதாகத்தானே இருக்கிறது! நிஜத்தில் அந்த நெரிசலுக்குள் வைப்ரேட்டர் ஊசி நுழையாது. அச்சைப் பிரித்துப் பார்த்தால் கான்கிரீட் தேன்கூடு மாதிரி இருக்கும். பிறகு அதில் சிமெண்டுக் குழம்பை ஏற்றிச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று ஒரு மாதம் போகும்.

நிற்க. இவ்வளவு எளிய விஷயம் என்றால் அரசாங்கம் ஏன் காண்டிராக்டரை முன்கூட்டியே கூப்பிடுவதில்லை? இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதை நாம் கேலி செய்யக் கூடாது. பொதுப் பணம் என்பதால் எல்லோருக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும். ஒரு காண்டிராக்டரை மட்டும் வடிவமைப்பு அறைக்குள் உட்கார வைத்தால், தன்னிடம் இருக்கும் இயந்திரத்துக்கும் தனக்குப் பழக்கமான முறைக்கும் ஏற்றபடி வரைபடத்தை வளைத்துக்கொள்வார். பிறகு டெண்டர் வெறும் சடங்காகிவிடும். இந்தப் பயத்தினால்தான், ஒரு வேலையின் வடிவமைப்பில் ஆலோசகராக இருந்த நிறுவனம் அதே வேலையைக் கட்டும் டெண்டரில் கலந்துகொள்வதைப் பொதுவாக விதிகள் தடுக்கின்றன. 1998 நவம்பரில் மத்திய விஜிலன்ஸ் கமிஷன், டெண்டர் திறந்த பிறகு குறைந்த விலை போட்டவரைத் தவிர வேறு யாருடனும் பேரம் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2007-இல் அவருடன் பேசுவதையும் விதிவிலக்கான சந்தர்ப்பங்களுக்கு மட்டும் என்று இன்னும் இறுக்கியது. பேரம் என்ற பெயரில் என்னென்ன நடந்தது என்று அறிந்தவர்கள் இந்த உத்தரவுகளைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பக்கவிளைவு ஒன்று உண்டு. காண்டிராக்டருடன் பேசுவதே ஆபத்து என்று அதிகாரிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஓய்வு பெறும் வயதில் விஜிலன்ஸ் கேஸ் வேண்டாம் என்று நினைப்பது மனித சுபாவம்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

முதல் வழி, வடிவமைத்துக் கட்டும் பொறுப்பு முழுவதையும் ஒருவரிடமே கொடுத்துவிடுவது. என்ன வேண்டும் என்பதை அரசு சொல்லும். எப்படி என்பதைக் காண்டிராக்டர் தன் வடிவமைப்பாளரை வைத்து முடிவு செய்வார். மொத்த வேலைக்கும் ஒரே விலை. இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தில்லி மெட்ரோவின் முதல் கட்டத்தில் விஸ்வவித்யாலயா முதல் கஷ்மீரி கேட் வரையிலும், அங்கிருந்து சென்ட்ரல் செக்ரடேரியட் வரையிலுமான சுரங்கப் பகுதிகளை இந்த முறையில்தான் இரண்டு கூட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். முதல் பகுதி 2004 டிசம்பரிலும் அடுத்தது 2005 ஜூலையிலும் திறக்கப்பட்டன.

சுரங்கத்துக்கு இந்த முறை ஏன் பொருந்தும் என்பதைப் பாருங்கள். பழைய தில்லியின் அடியில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் முன்னே நகர்வது எப்படி? தனக்குப் பின்னால் அப்போதுதான் பூட்டிய கான்கிரீட் வளையத்தை ஜாக்கிகளால் உதைத்துக்கொண்டுதான் அது முன்னேறுகிறது. ஆகவே வளையத்தின் தடிமன், துண்டுகளின் எண்ணிக்கை, மூட்டுகளின் இடம் ஆகிய எல்லாம் எந்த இயந்திரம் வரப்போகிறது என்பதைப் பொறுத்தவை. இயந்திரத்தைக் கொண்டுவருகிறவர் யாரென்று தெரியாமல் வளையத்தை வரைந்து முடிப்பது, பாதத்தைப் பார்க்காமல் செருப்புத் தைப்பது போலத்தான். சாவ்டி பஜார் ஸ்டேஷனில் எஸ்கலேட்டரில் இறங்கும்போது எவ்வளவு ஆழத்துக்குப் போகிறோம் என்பதை ஒரு தரம் கவனியுங்கள். மேலே இருக்கும் பழைய ஹவேலிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலைகளிலும் ரயில்வேயிலும் இ.பி.சி. என்ற பெயரில் 2010-களில் பரவிய முறை இதன் தம்பிதான். ஆனால் இதில் ஒரு குறை. மொத்த விலையை முதலிலேயே, மண்ணின் நிலை முழுவதும் தெரியும் முன்பே, போட்டியில் சொல்லிவிட வேண்டும். வேலையைப் பிடிக்க விலையைக் குறைத்தவர், பிறகு வடிவமைப்பில் இழைத்து இழைத்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பார். சொந்தக்காரராகிய அரசுக்கு அவர் யோசனை கிடைப்பதில்லை. முடிவு மட்டும்தான் கிடைக்கிறது.

இரண்டாவது வழியைத்தான் காண்டிராக்டரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்வது என்று சரியாகச் சொல்லலாம். பிரிட்டனில் கட்டுமானத் துறையின் ஓயாத வழக்குகளையும் சண்டைகளையும் பார்த்துச் சலித்து, 1994-இல் மைக்கேல் லேதம் ஒரு அறிக்கையும் 1998-இல் ஜான் ஈகன் இன்னொரு அறிக்கையும் தந்தார்கள். அவற்றின்பின் இந்த முறை அங்கே வேகம் பிடித்தது. இதில் ஒப்பந்தம் இரண்டு கட்டமாக இருக்கும். முதல் கட்டத்தில் காண்டிராக்டரைத் தேர்ந்தெடுப்பது மொத்த விலையைப் பார்த்து அல்ல. அவருடைய அனுபவம், அனுப்பப்போகும் ஆட்கள், வேலை செய்யும் முறை, கேட்கும் லாப சதவீதம் ஆகியவற்றைப் பார்த்து. இதுவும் பகிரங்கப் போட்டிதான். தேர்வானவர் வடிவமைப்பாளரோடு உட்கார்ந்து யோசனை சொல்வார். அதற்குத் தனிச் சம்பளம் உண்டு. ஓசியில் வாங்கும் யோசனைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் அல்லவா? வடிவமைப்பு பழுத்த பிறகு இருவரும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இலக்கு விலை ஒன்றை நிர்ணயிப்பார்கள். அரசின் சார்பில் தனியான மதிப்பீட்டாளர் ஒருவர் அதைச் சரிபார்ப்பார். இரண்டாம் கட்டமாகிய கட்டுமானத்தில் செலவு இலக்குக்குக் கீழே வந்தால் மிச்சத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். மேலே போனால் நஷ்டத்தையும் பங்கிடுவார்கள்.

இதில் முக்கியமான ஷரத்து ஒன்று உண்டு. இலக்கு விலையில் உடன்பாடு ஏற்படாவிட்டால், முதல் கட்டத்துக்கான சம்பளத்தைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு அரசு வெளியே டெண்டர் விடலாம். இந்த வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் நியாயமான விலை சொல்வார்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாவது டெர்மினல் இதற்குப் பெரிய உதாரணம். 1994 அக்டோபரில் அதே விமான நிலையத்துக்கு ரயில் பாதைக்காகத் தோண்டிய சுரங்கம் இடிந்து விழுந்தது. அதிர்ஷ்டவசமாக யாரும் இறக்கவில்லை. வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைவதற்குப் பதில், உரிமையாளரும் காண்டிராக்டரும் ஒரே அணியாக உட்கார்ந்து வேலையை மீட்டார்கள். அந்தப் பாடத்தை வைத்து ஐந்தாவது டெர்மினலுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். வேலையின் ஆபத்துக்களை உரிமையாளரான விமான நிலைய நிறுவனமே ஏற்றுக்கொண்டது. காண்டிராக்டர்களுக்கு உண்மையான செலவும் லாபமும் கிடைக்கும். தவறு யாருடையது என்று தேடும் வேலை இல்லாததால் தவறை மறைக்கும் தேவையும் இல்லாமல் போயிற்று.

அதன் கூரை 156 மீட்டர் அகலத்தை நடுவில் தூண் இல்லாமல் தாண்டுகிறது. விமான நிலைய ரேடாருக்கு இடைஞ்சல் என்பதால் உயரமான கிரேன்களை வைக்க முடியாது. ஆகவே கூரையைத் தரையிலேயே பகுதி பகுதியாகப் பூட்டி ஜாக்கிகளால் மேலே ஏற்றுவது என்று முடிவு செய்தார்கள். இங்கேதான் இரும்பு வேலைக்காரர்கள் முதலிலேயே அணியில் இருந்ததன் பலன் தெரிகிறது. லண்டனுக்கு அனுப்புமுன் கூரையின் ஒரு பகுதியை வடக்கு யார்க்‌ஷயரில் டால்டன் என்ற இடத்தில் ஒத்திகையாகப் பூட்டிப் பார்த்தார்கள். எது பொருந்தவில்லை, எந்தப் போல்ட்டுக்குக் கை எட்டவில்லை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்து திருத்தப்பட்டது. வழக்கமான ஒப்பந்தத்தில் ஒத்திகைக்கு யார் காசு கொடுப்பது என்பதிலேயே ஆறு மாதம் போயிருக்கும். 430 கோடி பவுன் வேலை, குறித்த பணத்தில், குறித்தபடி 2008 மார்ச் 27-ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்றைக்குப் பயணிகளின் பெட்டிகள் எங்கெங்கோ போய் உலகமே சிரித்தது வேறு கதை. அது கட்டியவர்கள் செய்த கோளாறு அல்ல, இயக்கியவர்களின் ஏற்பாட்டில் வந்தது.

நம் நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் இருக்கும் செனாப் பாலம். உத்தம்பூர், ஸ்ரீநகர், பாரமுல்லா ரயில் பாதையில் கட்ரா, பனிஹால் ஊர்களுக்கு இடையில் இருக்கிறது. நீளம் 1,315 மீட்டர். ஆற்றுப் படுகையிலிருந்து உயரம் 359 மீட்டர். நடுவில் இருக்கும் இரும்பு வளைவு மட்டும் 467 மீட்டர். ஒப்பந்தம் 2004-இல் கொடுக்கப்பட்டது. நம் நாட்டு நிறுவனமும் கொரிய நிறுவனமும் சேர்ந்த கூட்டணி கட்டியது. வடிவமைப்பில் பின்லாந்து, ஜெர்மனி நிறுவனங்கள். அதைச் சரிபார்த்தது ஒரு பிரிட்டிஷ் நிறுவனம். மலைச்சரிவின் உறுதியைப் பார்த்தது பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம்.

அங்கே சாரம் கட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளத்தாக்கின் குறுக்கே இரண்டு கரைகளிலும் கோபுரம் எழுப்பி, கம்பி வடத்தில் ஓடும் கிரேன் ஒன்றைப் போட்டார்கள். அந்தக் கிரேன் எவ்வளவு தூக்குமோ அதுதான் வளைவின் ஒவ்வொரு துண்டின் எடைக்கும் எல்லை. பெரிய உறுப்புகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவர மலைப்பாதையில் டிரெய்லர் திரும்பாது. எனவே இரும்புத் தகடுகளாகக் கொண்டுவந்து, மலையிலேயே ஒர்க்‌ஷாப் போட்டு வெட்டிப் பற்றவைத்தார்கள். இப்படித் துண்டின் அளவு, இணைப்பின் இடம், பற்றவைக்கும் முறை எல்லாமே தூக்குகிறவரையும் செய்கிறவரையும் கேட்டுத்தான் வரைய முடியும். அஸ்திவாரத்திலும் இதே கதைதான். வெடிப்பு ஓடிய பாறை, தோண்டத் தோண்ட வேறு வேறு முகம் காட்டியது. முன்கூட்டியே எல்லாம் தெரிந்ததாகப் பாவித்து ஒரு வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், கண்ட பாறைக்கு ஏற்ப வடிவமைப்பைத் திருத்திக்கொண்டே போனார்கள். அங்கு பதினேழு ஆண்டுகள் ஆலோசகராக இருந்த பேராசிரியை மாதவி லதா இந்த முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். மாணவர்கள் தேடிப் படிக்கலாம்.

சுணக்கமே இல்லாத வேலை என்று சொல்லமாட்டேன். பாதையின் போக்கும் பாதுகாப்பும் குறித்த கேள்விகளால் 2008-இல் நின்று, 2010 வாக்கில்தான் மறுபடி தொடங்கியது. வளைவு 2021 ஏப்ரலில் கூடியது. 2025 ஜூன் 6-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. இருபது ஆண்டு! ஆனால் அந்தத் தாமதத்தில், "வரைந்தது ஒன்று, கட்ட முடிந்தது வேறு" என்ற வகைத் தாமதம் எவ்வளவு குறைவு என்பதை எங்களைப் போன்றவர்கள் கவனித்துக்கொண்டிருந்தோம்.

இந்த முறையில் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்குப் போடும் அதிவேக ரயில் பாதைக்கு 2017-இல் கொடுத்த முக்கிய ஒப்பந்தங்களும் இரண்டு கட்ட ஒப்பந்தங்களே. காண்டிராக்டர்கள் முதலிலேயே உள்ளே வந்தார்கள். ஆனால் முதல் கட்ட முடிவில் வந்த விலை எதிர்பார்த்ததைவிட வெகு அதிகம். வாசல் திறந்திருந்தும் யாரையும் வெளியே அனுப்பவில்லை. அரசியல் அவசரத்தில், வடிவமைப்பு முழுவதும் பழுக்குமுன்பே 2020 ஏப்ரலில் கட்டுமானத்துக்கு உத்தரவு கொடுத்தார்கள். செலவு ஏறிக்கொண்டே போயிற்று. 2023 அக்டோபரில் பர்மிங்காமுக்கு வடக்கே மான்செஸ்டர் போகவேண்டிய பகுதியையே கைவிட்டார்கள். முதல் கட்டத்தின் நோக்கம் யோசிப்பது. அதைக் குறுக்கிவிட்டால் பெயர்தான் மிஞ்சும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்த கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த என்ஜினீயர்களும் கணக்கர்களும் அரசின் பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதையாகிவிடும். நம் இலாகாக்களில் அந்த ஆள்பலம் குறைந்துகொண்டே வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் விதிகள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிமுறைகளில், சில வகைக் கட்டுமான வேலைகளில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தரலாம், அது 30 சதவீதம் வரை இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். குறைந்த விலை ஒன்றே குறி என்றிருந்த காலத்துக்கு இது பெரிய மாற்றம். முழு இரண்டு கட்ட முறைக்குப் போகாமலே செய்யக்கூடியவையும் உண்டு. வரைபடம் முடியுமுன், அந்த வகை வேலை செய்யும் காண்டிராக்டர்கள் அனைவரையும் விளம்பரம் கொடுத்து ஒரே அறைக்கு அழைத்து, அடிப்படை வரைபடத்தைக் காட்டிக் கேள்வி கேட்கச் சொல்லலாம். பேசியதை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் ரகசியம் ஏது, சலுகை ஏது? தளத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற இரண்டு மூன்று பேரிடம் வரைபடத்தைக் கொடுத்து, "இதை எப்படிக் கட்டுவீர்கள்?" என்று மட்டும் எழுதி வாங்கலாம். யார்டிலோ ஆற்றிலோ கட்டுகிற வேலையானால், கட்டும் முறையைத் தனி வரைபடமாகப் போடாமல் ஒப்புதலுக்கு அனுப்பக் கூடாது என்று வைக்கலாம்.

படித்துவிட்டு வடிவமைப்பு ஆபீசில் குளிர்சாதன அறையில் சேரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு வருஷத்தில் ஆறு மாதமாவது தளத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே ஃபோர்மனை "நீ" என்று கூப்பிடாதீர்கள்.

நம் குடும்பங்கள் வசிக்கும் ஹவுசிங் சொசைட்டிகளில் முப்பது வருஷக் கட்டடங்களுக்குப் பெரிய பழுதுபார்க்கும் வேலைகள் வர ஆரம்பித்துவிட்டன. கமிட்டியில் இருப்பவர்கள் இதே முறையைச் சின்ன அளவில் செய்து பார்க்கலாம். ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் அறிக்கையைக் கொடுத்ததும் உடனே விலை கேட்டுக் கடிதம் அனுப்பாதீர்கள். மூன்று காண்டிராக்டர்களை அழைத்து, ஆளுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ கட்டணம் கொடுத்து, என்ஜினீயரோடு மொட்டை மாடி முதல் பேஸ்மென்ட் வரை ஒருமுறை நடக்கச் சொல்லுங்கள். சாரம் எங்கே ஊன்றுவது, எந்தப் பால்கனிக் கிரில்லைக் கழற்ற வேண்டும், தண்ணீர்த் தொட்டியை எத்தனை நாள் காலியாக வைக்க வேண்டும், பரீட்சை மாதத்தில் டிரில்லர் ஓடலாமா என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, அதையும் சேர்த்து வேலைப் பட்டியலைத் திருத்தி, பிறகு எல்லோரிடமும் விலை கேளுங்கள். மூன்று பேருக்கும் கொடுத்த கட்டணத்தைச் செலவுக் கணக்கில் தனித் தலைப்பில் எழுதி வையுங்கள். பொதுக்குழுவில் ஆடிட்டர் கட்டாயம் கேட்பார்.